16 வயதுக்கு ஒரு கல்லூரி தேடி...

எங்கள் வீட்டுக் கடைக்குட்டி பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்தபோது அவளுக்கு வயது 16 முடிந்து 2 மாதம். பார்ப்பதற்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரிதான் இருப்பாள். அக்கா பள்ளிக்கூடம் போகிறாள், நானும் போவேன் என்று அழுது புரண்டு, நாலே கால் வயசில் ஒண்ணாம் வகுப்பில் போய் உட்கார்ந்தவள். டீச்சரம்மாவும் 'இருக்கட்டுமே, பிள்ளை நல்லா எழுதுதே' என்று விட்டுவிட்டார்கள். அதிலிருந்து எல்லா வகுப்பிலும் இவள்தான் சின்னவள், இவள்தான் முதல். பள்ளிக்கூடத்தில் அது பெருமையாக இருந்தது. கல்லூரி என்று வந்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஹாஸ்டலில் 18, 19 வயதுப் பெண்களுக்கு நடுவில் இந்தக் குஞ்சை எங்கே கொண்டுபோய் விடுவது?

எங்களுக்கு ஊர் நாசரேத். இயேசு வளர்ந்த ஊர் இல்லை, தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர் போகிற ரயில் பாதையில் இருக்கிற நாசரேத். பனைமரமும் தேரிமணலும் சூழ்ந்த ஊர். 1876-இல் இங்கே வந்த கனோன் மர்காஷிஸ் ஐயர் 1908-இல் கண் மூடும் வரை இங்கேயே இருந்து பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கைத்தொழில் பள்ளி என்று ஊரையே உருவாக்கிவிட்டுப் போனார். அதனால் எங்கள் ஊரில் பாதிப் பேர் டீச்சர், மீதிப் பேர் டீச்சருக்குச் சொந்தம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். மீதிப் பேரில் சேர்த்தி!

என் வீட்டுக்காரருக்கு வேலூர் கனவு. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் நன்றாகப் படிக்கிற பெண் பிள்ளை இருந்தால் முதலில் அந்தப் பேச்சுத்தான் வரும். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் பிரசவ வலியில் துடிக்கும் மனைவிக்காக உதவி கேட்டு வந்ததையும், அந்த மூன்று பெண்களும் இறந்துபோனதையும், அதைக் கண்ட ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் தொடங்கியதையும், 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்ததையும் நாங்கள் ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். சபையின் சிபாரிசில் போய்ப் படித்துவிட்டு, அப்புறம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும். இப்போது அதற்கும் நீட் எழுதித்தான் ஆகவேண்டும். நீட் எழுதுவதற்கோ, சேருகிற வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். எங்கள் பிள்ளைக்கு நிரம்பவில்லை. ஒரு வருஷம் காத்திருந்து கோச்சிங் சேர்க்கலாம் என்றார்கள். ஒரு கோச்சிங் நிலையத்தைப் போய்ப் பார்த்தோம். வரிசை வரிசையாகப் பிள்ளைகள், ஜன்னல் எல்லாம் சாத்தி, ட்யூப்லைட் வெளிச்சம். இவள் வாசலிலேயே என் கையைப் பிடித்தாள். "எம்மா, எனக்கு டாக்டர் வேண்டாம். எனக்குக் கணக்குதான்" என்றாள்.

இவளுக்குக் கணக்குப் பைத்தியம் என்பது எனக்கு முன்னாலேயே தெரியும். 11 வயசில் ஓய்வுநாள் பள்ளியில் இவள் கேட்ட கேள்வியைச் சொன்னால் உங்களுக்கும் புரியும். சாலொமோன் ராஜா தேவாலயத்துக்கு வெண்கலத்தில் ஒரு பெரிய தொட்டி வார்ப்பித்ததாக வேதத்தில் ராஜாக்கள் புத்தகத்தில் வருகிறது. வெண்கலக் கடல் என்று அதற்குப் பேர். வட்டமான தொட்டி. குறுக்களவு 10 முழம், சுற்றளவு 30 முழம் என்று கணக்கும் கொடுத்திருக்கிறது. இவள் எழுந்து, "வட்டம்னா 10-ஐ மூணே சொச்சத்தாலே பெருக்கணும்லா? 31 முழத்துக்கு மேலே வரணுமே, எப்படி 30 ஆச்சு?" என்று கேட்டிருக்கிறாள். வேதத்தில் குற்றம் பிடிக்காதே, உட்கார் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுதும் சரியாகச் சாப்பிடவில்லை. குற்றம் கண்டுபிடிக்கவா கேட்டாள்? தெரிந்துகொள்ளத்தானே கேட்டாள்! அதற்குப் பிறகு கேள்வி கேட்பதையே கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். அதுதான் எனக்கு உறுத்தல். கணக்கையும் விடாமல், ஜெபத்தையும் விடாமல், வாயையும் மூட வைக்காத ஒரு இடம் வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பக்கத்திலேயே கல்லூரி இல்லாமல் இல்லை. பிள்ளையன்மனையில் மர்காஷிஸ் கல்லூரி இருக்கிறது. சாயர்புரத்தில் போப் கல்லூரி இருக்கிறது. மூத்தவள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்தே டிகிரி வாங்கினாள், ஒரு குறையும் இல்லை. ஆனால் சின்னவள் மனசு பெரிய லைப்ரரியைத் தேடியது. "பார்க்காமல் பீஸ் கட்ட நான் தயாரில்லை. நீங்க ரெண்டு பேரும் நாலு ஊர் போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று வீட்டுக்காரர் பணம் எடுத்துக் கொடுத்தார். மே மாத வெயிலில், ஒரு தோள்பையும் புளிச்சாத மூட்டையுமாகப் புறப்பட்டோம்.

முதல் ஊர் பாளையங்கோட்டை. எங்கள் ஊரில் ரயில் ஏறினால் ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், செய்துங்கநல்லூர் என்று தாமிரபரணிக் கரை வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். பாளையங்கோட்டையிலேயே ரயில் நிற்கும், திருநெல்வேலி வரை போக வேண்டியதில்லை. தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று சும்மாவா பேர் வைத்தார்கள்! எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் கல்லூரி. 1826-இல் ரேனியஸ் ஐயர் கட்டிய ஊசிக்கோபுரம் கோயிலுக்குள் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்தோம். வெளியே அனல், உள்ளே குளிர்ச்சி. அதற்கும் முந்தினது குளோரிந்தா அம்மையார் 1785-இல் கட்டிய கோயில். தஞ்சாவூரிலிருந்து வந்த விதவைப் பெண் ஒருத்தி, அந்தக் காலத்தில் முன்நின்று கட்டியது என்று மகளுக்குச் சொன்னேன். "அவங்களுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டாள். இவளுக்கு எதற்கும் எண் வேண்டும்!

பெருமாள்புரத்தில் சாராள் தக்கர் கல்லூரி. இந்தப் பேரை எங்கள் பக்கத்தில் சொல்லாத வீடு கிடையாது. ஆனால் அந்த சாராள் தக்கர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். அந்த அம்மாள் இங்கிலாந்தில் இருந்தவர். உடம்பு முடியாதவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னையில் மிஷனெரியாக இருந்த தம் சகோதரர் மூலமாக நம் ஊர்ப் பெண் பிள்ளைகளின் நிலைமையைத் தெரிந்துகொண்டு உருகினவர். 1857-இல் அவர் இறந்தபின் சிநேகிதிகள் அவர் நினைவாகப் பணம் திரட்டி, பெண்களை ஆசிரியைகளாகத் தயார் செய்ய ஒரு நிலையம் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து 1895-இல் கல்லூரியானது. படுக்கையை விட்டு எழ முடியாத ஒருத்தர் பேரால் எத்தனை ஆயிரம் பெண்கள் எழுந்து நடந்திருக்கிறார்கள் பாருங்கள்!

என் அத்தை அங்கே படித்தவர்கள். 70 வயது தாண்டியும் பாளையங்கோட்டையில் தனியாக வீடு வைத்துக்கொண்டு ராஜாத்தி மாதிரி இருக்கிறார்கள். ராத்திரி அங்கேதான் தங்கினோம். என் பயத்தைச் சொன்னதும் அத்தை சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது.

"ஏட்டி, நான் பி.யூ.சி. சேரும்போது எனக்கு எத்தனை வயசுங்கிற? 16 நிறையலை! எங்க கிளாசிலே எல்லாருமே அப்படித்தான். ரெட்டைச் சடையும் ரிப்பனுமா காலேஜுக்குப் போனோம்லா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் வாசகியரில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த நாளில் 11-ஆம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பி.யூ.சி. என்று ஒரு வருஷம் கல்லூரியில்தான் படிக்க வேண்டும். 1978-இல் பிளஸ் டூ வந்தபிறகுதான் அந்த வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே நின்றார்கள். அதற்கு முன்னால் 15, 16 வயதில் ஹாஸ்டல் போவது சாதாரணம். அப்படியானால் என் மகள் அதிசயப் பிறவி இல்லை. நாம்தான் பழக்கத்தை மறந்துவிட்டோம். ஆனால் அத்தை இன்னொன்றும் சொன்னார்கள். "அப்போ எல்லாரும் சின்னதுங்க. வார்டன் எங்களைச் சின்னதுங்களாத்தான் பார்த்தாங்க. இப்போ இவ ஒருத்திதான் சின்னவ. அதை மட்டும் கேட்டுக்கோ, எந்தக் காலேஜிலேயும்." இதை நான் சீட்டில் எழுதியே வைத்துக்கொண்டேன்.

சாராள் தக்கர் மகளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அத்தை வீட்டிலிருந்தே போய் வரட்டும் என்ற ஏற்பாடு பிடிக்கவில்லை. காரணம் கேட்டேன். "ஆச்சி என்னைப் படிக்க விடமாட்டாங்க எம்மா, சாப்பிடத்தான் விடுவாங்க!" ஒரு ராத்திரிக்கே ஆறு தோசை.

மறுநாள் விடியற்காலையில் திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் ஏறினோம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய், சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சு. மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ் பிடித்துத் தல்லாகுளம். லேடி டோக் கல்லூரி அங்கேதான். 1948-இல் கேட்டி வில்காக்ஸ் என்ற அமெரிக்க மிஷனெரி அம்மையார் தொடங்கியது. மதுரையில் பெண்களுக்கென்று வந்த முதல் கல்லூரி. அதே அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் ஆரம்பித்த அமெரிக்கன் கல்லூரி, 1881-இல் தொடங்கியது, கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. இரண்டு கல்லூரிக்கும் 1978-இலேயே தன்னாட்சி கொடுத்துவிட்டார்கள்.

இந்தத் தன்னாட்சி என்பது என்ன என்று நானும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். பாடத்திட்டத்தைக் கல்லூரியே வகுத்துக்கொள்ளும், பரீட்சையும் அதுவே நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் கொடுக்கும். வேகமாகப் படிக்கிற பிள்ளைக்கு இது முக்கியம். இஷ்டப்பட்ட பாடத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேட்கலாம். அதேபோல, ஒரே கல்லூரிக்குள்ளேயே அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கும். வகுப்பு ஒன்றுதான், கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். விண்ணப்பத்தில் எதில் டிக் அடிக்கிறோம் என்று பார்த்து அடியுங்கள்.

கணக்குப் பிரிவில் ஒரு பேராசிரியை இருந்தார்கள். விடுமுறையாயிற்றே, யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் போனோம். மார்க் என்ன என்று கேட்பார்கள் என்று மார்க் ஷீட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர்கள் கேட்கவில்லை. "உனக்கு இதுவரை விடை கிடைக்காத கணக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். ஐந்து வருஷம் கழித்து, மெதுவாக, அந்த வெண்கலக் கடலை எடுத்தாள்.

பேராசிரியை சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மேஜை அறையிலிருந்து வேதத்தை எடுத்துப் புரட்டினார்கள். "மூணு வசனம் தள்ளிப் படிச்சியா? தொட்டியோட கனம் நாலு விரற்கடைன்னு போட்டிருக்கு பார். 10 முழத்தை வெளி விளிம்பிலே அளந்தாங்களா, உள் விளிம்பிலேயா? சுற்றளவை எங்கே அளந்தாங்க? ஒரு முழத்துக்கு 24 விரற்கடைன்னு வச்சுக்கோ. போட்டுப் பார்த்துட்டு எனக்குச் சொல்லு." அவ்வளவுதான். விடையைச் சொல்லவில்லை. இவள் அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். நான் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டேன். கண் கலங்கியதை அந்த அம்மாள் பார்க்க வேண்டாமே என்றுதான்.

அன்று இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "எம்மா, வெளியே 10 முழம்னா உள்ளே 9 முழமும் ஒரு முழத்திலே மூணிலே ரெண்டும். உள்சுற்று 30.37 வருது. 31.4-க்கு இது தேவலை. மிச்சத்தை அவங்க கழிச்சுட்டு முழுசாச் சொல்லியிருப்பாங்க, நீங்க புளி வாங்கும்போது சொல்ற மாதிரி." வேதமும் புளியும்! படுத்துத் தூங்கு என்று அதட்டினேன்.

தாம்பரத்தில் விடியற்காலை இறங்கினோம். வீட்டுக்காரரின் தம்பி வீடு சேலையூரில். குளித்துவிட்டு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனோம். அதைக் கல்லூரி என்பதா, காடு என்பதா? 350 ஏக்கருக்கு மேல். 1837-இல் ஸ்காட்லாந்து மிஷனெரிகள் சென்னைப் பட்டணத்துக்குள் பள்ளிக்கூடமாக ஆரம்பித்தது. சரியாக 100 வருஷம் கழித்து 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் பட்டணத்தில் இருந்த நாளில் அங்கே படித்தவர். இங்கே வந்தபின் எட்வர்ட் பார்ன்ஸ் என்ற ரசாயனப் பேராசிரியரும் அவர் மனைவி ஆலிஸும் தேடித் தேடி மரங்களை வைத்து வளர்த்தார்களாம். சருகு மிதித்துக்கொண்டு நடந்தோம். தூரத்தில் புள்ளிமான் ஒன்று நின்று பார்த்துவிட்டு ஓடியது. ஆண், பெண் சேர்ந்து படிக்கிற இடம். பெண்களுக்குத் தனி ஹாஸ்டல்கள் உண்டு. மகள் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிடித்துப்போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் மனசு திக்திக்கென்றது. நல்ல இடம்தான், ஆனால் எவ்வளவு பெரிசு! எவ்வளவு தூரம்!

இவளே திரும்பினாள். "எம்மா, இது அடுத்ததுக்கு."

"அடுத்ததுன்னா?"

"எம்.எஸ்ஸிக்கு. டிகிரி முடிக்கும்போது எனக்கு 19 தானே? அப்போ வந்தா சரியா இருக்கும்."

நானும் அவள் அப்பாவும் ஒரு வருஷம் வீணாகக்கூடாது என்றே பேசிக்கொண்டிருந்தோம். இவளோ தன் கையில் ஒரு வருஷம் மிச்சம் இருப்பதாகக் கணக்குப் போட்டிருக்கிறாள்.

கொழுந்தனார் படித்த மனிதர். அவர் வேறொன்றும் சொன்னார். பிள்ளை கணக்கில் இவ்வளவு கெட்டி என்றால் கிறிஸ்தவக் கல்லூரியாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறதே என்றார். அதற்கென்று தனி நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ படிக்கும்போதே மனுப் போட வேண்டும். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தால் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்ஸிக்கும் அங்கே தேர்வு உண்டு என்பதை மகள் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். அந்தக் கழகத்தைத் தொடங்கிய சி.எஸ். சேஷாத்ரி லயோலா கல்லூரியில் படித்தவராம். அங்கே அவருக்குக் கணக்கின் ருசியைக் காட்டியவர் பிரான்சிலிருந்து வந்த ராசீன் என்ற கத்தோலிக்கப் பாதிரியாராம். இதைக் கேட்டதும் மகள் முகத்தில் ஒரு வெளிச்சம். கணக்கும் ஜெபமும் ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் இருக்கலாம் என்பதற்கு அவளுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

கொழுந்தனார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பலகையில் 'கிறிஸ்தவ' என்று எழுதியிருந்தால் உள்ளே எல்லாரும் கிறிஸ்தவப் பிள்ளைகள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. இந்தக் கல்லூரிகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும்தான் படிக்கிறார்கள், நிறுவியவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். நம் பிள்ளைக்கு ஒரு சாப்பல் இருக்கும், எஸ்.சி.எம்., இ.யு. மாதிரி மாணவர் ஜெபக் குழுக்கள் இருக்கும். போகிறதும் போகாததும் பிள்ளையின் கையில். வீட்டில் கற்றுக்கொடுக்காததைக் கல்லூரி கற்றுக்கொடுக்கும் என்று எதிர்பார்ப்பது, வீட்டில் உப்புப் போடாமல் பந்தியில் உப்பு கேட்பது மாதிரி. நான் பார்த்தது ஒன்றே ஒன்று: இவள் கேட்கிற கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்? அந்த ஆள் ஜெபக் கூட்டத்தில் இருந்தாலும் சரி, கணக்கு வகுப்பில் இருந்தாலும் சரி.

கடைசியாக நுங்கம்பாக்கம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம் ஸ்டேஷன், அங்கிருந்து ஆட்டோவில் காலேஜ் ரோடு. பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1915-இல் 41 மாணவிகளோடு ஆரம்பமானது. முதல் பிரின்சிபால் எலினார் மக்டூகல் என்ற இங்கிலாந்து அம்மையார். இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா என்று பல மிஷன் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து நடத்தின. மறு வருஷமே டவ்டன் ஹவுஸ் என்ற பழைய மாளிகைக்கு மாறியது. தூண் வைத்த அந்த வெள்ளை மாளிகை இன்றும் அப்படியே நிற்கிறது. கல்லூரிச் சின்னம் சூரியகாந்திப் பூ. சென்னை நடுவில் இப்படி ஒரு நிழலா என்று ஆச்சரியமாக இருந்தது. வழியில் ஒரு பெரியவர் மகளைப் பார்த்து, "பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் பாப்பா" என்று கை காட்டியதும் நடந்தது! அவள் கொஞ்சமும் வருத்தப்படாமல், "நான் காலேஜுக்குத்தான் போறேன் தாத்தா" என்றாள்.

எல்லா இடத்திலும் நான் கேட்டவை இவைதான். உங்களுக்கு உதவும் என்று சொல்கிறேன். வயது குறைவு, பிரச்சினை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் போன இடங்களில் பிளஸ் டூ தேர்ச்சியைத்தான் பார்த்தார்கள். ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, சிக் ரூம் இருக்கிறதா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? லைப்ரரி எத்தனை மணி வரை? ஹாஸ்டலில் முதல் வருஷப் பிள்ளைகளை யாரோடு போடுவார்கள்? அலுவலகத்தில் கேட்பதோடு நிறுத்தாமல், அங்கே இருக்கிற மாணவிகளிடம் தனியாகக் கேளுங்கள். காலை டிபனை எத்தனை பேர் சாப்பிடாமல் வகுப்புக்கு ஓடுகிறார்கள் என்றும் கேளுங்கள். 16 வயதில் உடம்பு இன்னும் வளர்கிற உடம்பு. மாதவிலக்கு சமயத்தில் சோர்ந்து விழுகிற பிள்ளைக்கு முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நாமா போய் ஊட்ட முடியும்? புறப்படும் முன் ரத்தப் பரிசோதனை செய்து, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டேன். குறைவாகத்தான் இருந்தது, டாக்டர் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினோம்.

எழும்பூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறியபின் நான் எதுவும் கேட்கவில்லை. கடலூர் தாண்டியதும் அவளே ஆரம்பித்தாள். நுங்கம்பாக்கம் அழகு, ஆனால் ஹாஸ்டலும் சென்னைச் செலவும் அப்பாவுக்குப் பாரம். பாளையங்கோட்டையில் ஆச்சி தோசை. தாம்பரம் 19 வயசுக்கு. "மதுரை மேடத்துக்கு இன்னும் விடை சொல்லலையே எம்மா" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் அதுதான் விருப்பம். ஆனால் நான் சொல்லி அவள் போகக்கூடாது என்று இருந்தேன்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வேலூரை விடுவது லேசா? மூன்றாம் நாள் கடையிலிருந்து வரும்போது கையில் ஒரு புது டிபன் கேரியர். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

விண்ணப்பத்தோடு ஞானஸ்நான சர்டிபிகேட்டும், சேகரத்து ஐயரின் கடிதமும் கேட்பார்கள். சிறுபான்மைக் கல்லூரிகளில் நம் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு அது வேண்டும். நாலைந்து நகல் எடுத்து, அட்டெஸ்டேஷன் வாங்கி வைத்துவிடுங்கள். கடைசி நாளில் ஐயர் அசன விழாவுக்குப் போயிருப்பார்!

ஜூன் கடைசியில் கொண்டுபோய் விட்டோம். ஹாஸ்டல் வார்டனிடம் அத்தை எழுதச் சொன்னதைக் கேட்டேன்: "இவ ஒருத்திதான் சின்னவ, பார்த்துக்குவீங்களா?" அவர்கள் பதிவேட்டைப் புரட்டி, "17 ஆகாத பிள்ளைங்க இன்னும் ரெண்டு பேர் வந்திருக்காங்கம்மா, மூணு பேரையும் ஒரே ரூம்லே போட்டிருக்கேன்" என்றார்கள். ஒருத்தி திண்டுக்கல் பக்கம், ஒருத்தி ராமநாதபுரம். ராமநாதபுரத்துப் பிள்ளை முஸ்லிம் பெண், அவளுக்கும் கணக்குதான். நாங்கள் கிளம்பும்போது மூன்று பேரும் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெண்கலக் கடலின் கனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். போய்வருகிறேன் என்றதற்கு, "ம்ம், சரி எம்மா" என்றாள், தலையை நிமிர்த்தாமலே.